பென்ட்ரைவ் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டன, அழித்தாலும் திரும்பி வருகின்றன

மேல்கொத்மலை
வெள்ளி, இரவு 8.40

தலவாக்கலைப் பக்கம் தோட்டத்து வீடு. நான் கொழும்பில் வேலை செய்கிறேன். மூன்று நாள் லீவில் வந்திருக்கிறேன், ஞாயிறு இரவு பஸ் ஏறியாக வேண்டும். அதற்குள் இதை முடிக்க யாராவது கை கொடுங்கள்.

தங்கச்சி ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதப் போகிறாள். போன வாரம் பாஸ்ட் பேப்பர் பிரிண்ட் எடுக்க டவுனில் ஒரு கடையில் பென்னைக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து செருகினால் ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் சின்ன அம்புக்குறி. திறந்தால் திறக்கிறது, உள்ளே பைல்களும் இருக்கின்றன. அதனால் இரண்டு நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. டியூஷன் டீச்சரின் பென்னை வாங்கி வந்து செருகியபோது அதுவும் அப்படியே ஆனது. பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

இன்று ஷார்ட்கட் எல்லாவற்றையும் அழித்தேன். பத்து செக்கன்கூட இருக்காது, கண் முன்னாலேயே வரிசையாகத் திரும்பி வந்து நின்றன. ஆத்திரத்தில் பென்னை ஃபார்மேட் செய்யப் போனேன், தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருட டியூட் (டியூஷன் பாடத்தாள்கள்), கையெழுத்து நோட்ஸ் ஸ்கேன் எல்லாம் அதில்தான். வேறு கொப்பி இல்லை.

கம்ப்யூட்டர் கைமாறி வாங்கிய பழையது. விண்டோஸ் 10, ரேம் 4 ஜிபி. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ், டிஃபெண்டர், பச்சை டிக் காட்டுகிறது. ஸ்கேன் போட்டால் ஒன்றும் இல்லை என்கிறது.


சும்மா_ஒருத்தன்
வெள்ளி, இரவு 8.52

ஃபார்மேட் அடித்துவிடுங்கள் மச்சான். ஒரு மணி நேர வேலை.


ஐசிடி_டீச்சர்
வெள்ளி, இரவு 9.05

தம்பி, தங்கச்சி உங்கள் கையைப் பிடித்தது பெரிய புண்ணியம். ஒன்றும் அழியவில்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

இது வேர்ம் வகை. வைரஸ் வேறொரு பைலுக்குள் ஒட்டிக்கொண்டு வாழும். வேர்ம் தனியாகவே நடமாடும், தன்னைத் தானே கொப்பி எடுத்துக்கொண்டு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகும். உங்களிடம் வந்திருப்பது பென்னில் உள்ள உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் போட்டு வைக்கும் ரகம். அந்த ஷார்ட்கட்டைத் திறக்கும்போது இரண்டு வேலை நடக்கிறது: வேர்மின் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய சின்னப் பைல், பெரும்பாலும் பெயர் .விபிஎஸ் என்று முடியும்) ஓடுகிறது, கூடவே மறைந்திருக்கும் உண்மையான ஃபோல்டரும் திறக்கிறது. எல்லாம் சரியாகத் திறப்பதால்தான் இரண்டு நாள் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு சின்னப் பரிசோதனை. வீட்டில் ஓடிஜி வயர் (போனில் பென் செருகும் வயர்) இருக்கிறதா? அந்தப் பென்னை ஆண்ட்ராய்ட் போனில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் போடும் மறைப்புக் குறியைப் போன் கண்டுகொள்ளாது, உண்மையான ஃபோல்டர்கள் தெரியும். விண்டோஸ் ஸ்கிரிப்ட் போனில் ஓடவும் ஓடாது. இன்று ராத்திரியே டியூட் எல்லாவற்றையும் போனுக்கு ஒரு கொப்பி எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.


மேல்கொத்மலை
வெள்ளி, இரவு 9.48

டீச்சர், தெரிகிறது! ஒவ்வொரு பெயரிலும் இரண்டிரண்டு. ஒன்று ஃபோல்டர், இன்னொன்று 2 கேபி பைல். இது போக ஒரு .விபிஎஸ் பைல், பெயர் வெறும் எழுத்துக் குப்பை. டியூட் முழுவதும் போனுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. தங்கச்சி இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டரில் ஒரு ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். ‘டார்கெட்’ பெட்டியில் ஃபோல்டர் பெயர் மட்டும் இருக்கும் என்று நினைத்தேன். அங்கே சிஎம்டி என்று தொடங்கி ஒரு முழ நீளத்துக்கு ஏதோ ஓடுகிறது. நடுவில் அந்தக் குப்பைப் பெயர் .விபிஎஸ், கடைசியில் ‘எக்ஸ்ப்ளோரர்’, அதற்குப் பிறகுதான் ஃபோல்டர் பெயர்.


பிளேன்டீ
வெள்ளி, இரவு 10.10

நான் ஹட்டன் பக்கம் ரிப்பேர் வேலை செய்கிறவன். மாதம் பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் இதே நோயோடு வருகிறது. எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுதான்: பென்னைத் துடைப்பார்கள், கம்ப்யூட்டரைத் துடைக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்போது பென்னைத் துடைப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது மாதிரி. அதனால் வரிசை முக்கியம் தம்பி. பென்னைக் கழற்றி வையுங்கள், இன்டர்நெட்டை நிறுத்துங்கள்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘டீட்டெயில்ஸ்’ பக்கம் போய் டபிள்யூஸ்கிரிப்ட் (.விபிஎஸ் பைல்களை ஓட்டும் நிரல்) என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். முதல் பக்கத்தில் அதே ஆள் ‘மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் பேஸ்ட் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’ என்ற பெரிய மனிதர் பெயரில் உட்கார்ந்திருப்பார். மைக்ரோசொஃப்ட் என்று போட்டிருப்பதால் எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நிரல் மைக்ரோசொஃப்டுடையதுதான், அதில் பொய் இல்லை. அது யாருடைய ஸ்கிரிப்டை ஓட்டுகிறது என்பதுதான் விஷயம். வலது கிளிக் செய்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள்.

அடுத்து ‘ஸ்டார்ட்அப்’ பக்கம். மேலே உள்ள தலைப்பு வரியை வலது கிளிக் செய்து ‘கமாண்ட் லைன்’ என்பதை டிக் பண்ணினால் ஒவ்வொன்றும் எந்தப் பைலை ஓட்டுகிறது என்று முழு முகவரி தெரியும். அந்தக் குப்பைப் பெயர் அங்கே இருக்கும். முகவரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதை ‘டிஸேபிள்’ செய்துவிட்டு, அந்த இடத்துக்குப் போய்ப் பைலை அழியுங்கள். பெரும்பாலும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ரோமிங் அல்லது டெம்ப்பில் கிடக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பென். செருகி, எதையும் இரட்டைக் கிளிக் செய்யாமல், கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறங்கள். ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ‘ஹிடன்’ டிக்கை எடுக்கலாமே என்று பார்ப்பீர்கள். அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும், ஏனென்றால் வேர்ம் ‘சிஸ்டம்’ என்ற இன்னொரு குறியையும் போட்டுவிட்டது. அதனால் கட்டளைதான் வழி. போனில் சொல்கிற மாதிரி சொல்கிறேன், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்: ஏ டீ டீ ஆர் ஐ பீ, அதாவது அட்ரிப். ஓர் இடைவெளி. மைனஸ் எச். இடைவெளி. மைனஸ் எஸ். இடைவெளி. மைனஸ் ஆர். இடைவெளி. பென்னின் எழுத்து, ஈ என்றால் ஈ, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். இடைவெளி. சாய்கோடு எஸ். இடைவெளி. சாய்கோடு டி. என்டர். உண்மையான ஃபோல்டர்கள் வெளியே வந்துவிடும். ஷார்ட்கட்டையும் .விபிஎஸ்ஸையும் அழித்துவிடுங்கள்.


மேல்கொத்மலை
வெள்ளி, இரவு 11.35

அண்ணே, ஒரு பிழை நடந்துவிட்டது. சிரிக்காதீர்கள். தங்கச்சி போனைப் பார்த்து வாசித்தாள், நான் தட்டினேன். அவள் ‘ஈ’ என்றாள், என் காதில் ‘சீ’ என்று விழுந்தது. என்டர் அடித்த பிறகு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு சின்னப் பென்னுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று பார்த்தால் சீ டிரைவ். கன்ட்ரோலையும் சீயையும் சேர்த்து அழுத்தி நிறுத்தினேன். இப்போது டெஸ்க்டாப்பில் ‘டெஸ்க்டாப் டொட் ஐஎன்ஐ’ என்று இரண்டு பைல் வந்து நிற்கிறது. இதுவும் வேர்மா? அழித்துவிடவா?

பென் சரியாகிவிட்டது, அது நல்ல செய்தி.


பிளேன்டீ
வெள்ளி, இரவு 11.50

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். சீயும் ஈயும் என் கடையிலும் நடந்திருக்கிறது.

அவை விண்டோஸின் சொந்தப் பைல்கள். ஒன்று உங்கள் கணக்குக்கு, மற்றது எல்லோருக்கும் பொதுவானது. எப்போதும் அங்கேதான் இருந்தன, நீங்கள் திரையை விலக்கிவிட்டீர்கள். அழிக்க வேண்டாம். அதே அட்ரிப் கட்டளையில் மைனஸ் எச், மைனஸ் எஸ் என்பதற்குப் பதில் பிளஸ் எச், பிளஸ் எஸ் போட்டு, அந்த இரண்டு பைலின் முழு முகவரியையும் கொடுத்தால் திரும்பவும் மறைந்துகொள்ளும். முகவரியில் எங்காவது இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள்.


நானுஓயா_பழசு
சனி, காலை 6.20

காலை வணக்கம். நேற்று இரவே பார்த்தேன், இங்கே மழை, கரண்ட் போய்விட்டது.

பென்னுக்குள் ‘ஆட்டோரன் டொட் ஐஎன்எஃப்’ என்ற பெயரில் வெறும் ஃபோல்டர் ஒன்று செய்து வையுங்கள். அதே பெயரில் வேர்ம் பைல் எழுத முடியாது. 2009இல் கண்டியில் வேலை செய்த காலத்தில் நூற்றுக்கணக்கான பென்களுக்கு இந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறேன்.


ஐசிடி_டீச்சர்
சனி, காலை 7.05

அண்ணா, நீங்கள் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. கொன்ஃபிக்கர் என்ற வேர்ம் 2008 நவம்பரில் வெளிவந்தது. பென்னைச் செருகியவுடன் விண்டோஸ் தானாக எதையாவது ஓட்டும் வசதியை அது பயன்படுத்தியது. விண்டோஸ் 7 வந்தபோது பென்களுக்கு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில் அப்டேட் வழியாக நிறுத்தினார்கள். கதவு மூடியதும் வேர்ம் எழுதுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. விண்டோஸ் தானாக ஓட்டாவிட்டால் ஆளையே கிளிக் பண்ண வைத்தால் போயிற்று என்று ஷார்ட்கட்டுக்கு மாறினார்கள். அந்த வெறும் ஃபோல்டர் இருந்தாலும் இந்த வேர்ம் பக்கத்திலேயே தன் வேலையைச் செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பைல் எக்ஸ்டென்ஷன் தெரிகிற மாதிரி வைத்தால் பிடித்துவிடலாம்’ என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். விபிஎஸ், இஎக்ஸ்இ எல்லாம் தெரியும், அதனால் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஷார்ட்கட்டின் எக்ஸ்டென்ஷனை அப்படி வைத்தாலும் விண்டோஸ் காட்டாது. மூலையில் அம்புக்குறி இருக்கிறதா, ‘டைப்’ வரிசையில் ஷார்ட்கட் என்று இருக்கிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும். ஃபோல்டருக்கு எக்ஸ்ப்ளோரர் சைஸ் போடாது. 1 கேபி, 2 கேபி என்று ஒரு ‘ஃபோல்டர்’ சைஸ் காட்டினால் தொடாதீர்கள்.


நானுஓயா_பழசு
சனி, காலை 7.30

சரி டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தடுப்பூசி காலாவதி.

கொன்ஃபிக்கர் பேச்சு வந்ததால் ஒன்று. அது பென்னில் மட்டும் வரவில்லை, நெட்வொர்க் வழியாகவும் புகுந்தது. அந்த ஓட்டைக்கு மைக்ரோசொஃப்ட் 2008 அக்டோபர் 23ஆம் திகதியே பேட்ச் கொடுத்துவிட்டது. வேர்ம் வந்தது அதற்குப் பிறகு. 2017இல் வன்னாக்ரை வந்ததும் இதே கதை: பேட்ச் மார்ச் 14, வேர்ம் மே 12. இரண்டு மாதம் இருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த நாட்களில் நானும் ‘அப்டேட் டேட்டாவைத் தின்கிறது’ என்று நிறுத்தி வைத்திருந்தவன்தான்.


கொப்பிக்கடை
சனி, காலை 10.15

இழையை முழுக்க வாசித்தேன். எப்போதும் கடைக்காரன் மேல்தான் பழி வருகிறது, அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தவணைப் பரீட்சை நேரத்தில் காலை ஏழு மணிக்குக் கடை திறந்தால் மதியம் வரை பென் வந்துகொண்டே இருக்கும். ஆளுக்கு இரண்டு பக்கம், பத்துப் பக்கம். பின்னால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ‘அண்ணே சீக்கிரம்’ என்பார்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் போட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கு வியாபாரம் இல்லை. ஒரு பிள்ளையின் பென்னில் வருவது அடுத்த இருபது பிள்ளைகளின் பென்னில் போகும், உண்மைதான். ஆனால் அந்த முதல் பென்னும் ஏதோ ஒரு வீட்டில் இருந்துதான் என்னிடம் வந்தது.

போன வருடம் ஒரு வழி கண்டுபிடித்தேன். பென் செருகும் கம்ப்யூட்டரில் மட்டும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டேன். அதில் இந்த ஷார்ட்கட்டும் ஓடாது, விபிஎஸ்ஸும் ஓடாது. மறைந்த ஃபோல்டர்களும் சாதாரணமாகத் தெரிகின்றன. பிள்ளைகள் ‘எங்கள் வீட்டில் காணாத ஃபோல்டர் உங்கள் கடையில் மட்டும் எப்படி அண்ணே வருகிறது’ என்று கேட்கிறார்கள். மந்திரவாதி என்று பெயர் எடுத்துவிட்டேன்.

அதைவிட நல்லது, பென்னே கொண்டு வராமல் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்புவது. வேர்ட் பைலாக அனுப்பாதீர்கள். பாமினியில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத்தான் வரும். பிடிஎஃப் என்றால் அப்படியே வரும். பென்தான் வேண்டும் என்றால் பூட்டு உள்ள எஸ்டி கார்ட் அடாப்டர் வாங்கி, அதில் மெமரி கார்டைப் போட்டுப் பக்கத்தில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை ‘லொக்’கில் தள்ளிக் கொண்டு வாருங்கள். பொதுவாக அதில் எழுத முடியாது. சில ரீடர்கள் அந்தத் தாழ்ப்பாளை மதிப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.


மேல்கொத்மலை
சனி, மாலை 5.20

கொப்பிக்கடை அண்ணே, உங்களை இல்லை, வேறு கடை. தப்பாக எடுக்காதீர்கள்.

கெட்ட செய்தி. காலையில் எல்லாம் சுத்தமாக இருந்தது. இப்போது பென் எதுவும் செருகாமலே டபிள்யூஸ்கிரிப்ட் மறுபடியும் ஓடுகிறது. ஸ்டார்ட்அப்பில் ஒன்றும் இல்லை. ராத்திரி அழித்த பைல் அதே இடத்தில் அதே பெயரில் இருக்கிறது. டிஃபெண்டர் இப்போதும் பச்சை டிக்தான் காட்டுகிறது. அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.


பிளேன்டீ
சனி, மாலை 5.45

இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, டாஸ்க் ஷெடியூலர், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டுவது. தேடும் பெட்டியில் பெயர் அடித்தால் வரும். இடது பக்கம் ‘லைப்ரரி’யைத் தொட்டால் வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றிலும் ‘ஆக்ஷன்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். டபிள்யூஸ்கிரிப்ட், பவர்ஷெல், இல்லாவிட்டால் ஆப்டேட்டாவுக்குள் ஏதோ ஒரு பைல் என்று இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

இரண்டாவதுதான் எனக்குச் சந்தேகமே. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கீழே கடைசியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’. அங்கே என்ன இருக்கிறது?


மேல்கொத்மலை
சனி, மாலை 6.10

ஷெடியூலரில் ஒன்று பிடிபட்டது. பெயர் ஏதோ அப்டேட் மாதிரி வைத்திருக்கிறது, 30 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த .விபிஎஸ்ஸை ஓட்டுகிறது.

எக்ஸ்க்ளூஷனில் ஒரே ஒரு வரிதான். ‘சீ முக்காற்புள்ளி பின்சாய்கோடு’. அப்படியென்றால் முழு சீ டிரைவையும் பார்க்காதே என்றா அர்த்தம்?


பிளேன்டீ
சனி, மாலை 6.25

அதேதான். வாசலில் காவல்காரனை நிறுத்திவிட்டுக் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு நாளாக உங்களுக்குப் பச்சை டிக் காட்டுகிறது.

இதைச் செய்தது வேர்மாகவும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்த பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் விற்றவர்களே செய்திருக்கிறார்கள். லைசன்ஸ் இல்லாத விண்டோஸுக்கு ‘ஆக்டிவேட்டர்’ ஓட்டும்போது டிஃபெண்டர் பிடித்துவிடும், அதனால் முழு டிரைவையும் விலக்கு என்று போட்டுவிடுவார்கள். வாங்குகிறவருக்குச் சொல்ல மாட்டார்கள். எங்கள் தொழிலில் நடக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.

அந்த வரியை நீக்குங்கள். ஷெடியூலர் வேலையையும் அழியுங்கள். பிறகு இன்டர்நெட் கொடுத்து டிஃபெண்டரின் டெஃபினிஷனை அப்டேட் செய்துவிட்டு ‘மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ போடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்னாலேயே ஸ்கேன் செய்யும். பதினைந்து நிமிடம் என்பார்கள், உங்கள் பழைய பெட்டிக்கு ஒரு டீ குடித்து முடிக்கலாம். அதன் பிறகு சாதாரண ஃபுல் ஸ்கேன். இரண்டாவது ஆளின் கருத்தும் வேண்டும் என்றால் மைக்ரோசொஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இருக்கிறது. இன்ஸ்டோல் தேவையில்லை, ஆனால் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும். பழையதை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் ஓட்டாதீர்கள்.


சும்மா_ஒருத்தன்
சனி, மாலை 6.40

முதல் நாளே ஃபார்மேட் என்று சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை.


ஐசிடி_டீச்சர்
சனி, மாலை 7.15

தம்பி, நீங்கள் சொன்னதில் பாதி சரி என்று இப்போது சொல்கிறேன். கொப்பி எடுக்காமல் ஃபார்மேட் செய்திருந்தால் டியூட் போயிருக்கும். செய்த பிறகு அதே பென்னைச் செருகியிருந்தால் அடுத்த நிமிடமே வேர்ம் திரும்பியிருக்கும். ஆனால் யார் என்ன ஓட்டினார்கள் என்றே தெரியாத, ஆக்டிவேட்டர் போட்ட விண்டோஸை நான் நம்பமாட்டேன். டிஃபெண்டர் எதையாவது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பைல்கள் பத்திரமான பிறகு புதிதாக இன்ஸ்டோல் செய்வதுதான் என் கருத்து. மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, சீ டிரைவை முழுவதும் துடைத்துவிட்டுப் போடுங்கள். வேறு டிரைவ் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்த பிறகுதான் திறக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், அதற்கு முறையான லைசன்ஸ் உள்ள விண்டோஸ் வேண்டும். உங்கள் பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாது என்றே நினைக்கிறேன். தங்கச்சிக்கு வேண்டியது பிடிஎஃப், யூடியூப், சூம் வகுப்பு என்றால் கொப்பிக்கடை அண்ணன் செய்த மாதிரி மின்ட் போடுவதில் தவறில்லை.


பிளேன்டீ
சனி, மாலை 7.40

டீச்சர் சொல்வதில் எனக்கு ஒரு சின்ன மறுப்பு. பரீட்சைக்கு முன்னால் பிள்ளையிடம் புது சிஸ்டத்தைக் கொடுத்துப் பழகு என்பது கஷ்டம். இப்போதைக்குத் துடைத்துவிட்டு ஓட்டட்டும், பரீட்சை முடிந்த வாரம் புதிதாகப் போடலாம். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை எதுவும் வேண்டாம். ஸ்கிரிப்ட் ஹோஸ்டையே நிறுத்தவும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வழி உண்டு: லோக்கல் மெஷின், சொஃப்ட்வெயார், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட், செட்டிங்ஸ். அங்கே ‘எனேபிள்ட்’ என்ற பெயரில் டிவேர்ட் மதிப்பு ஒன்று செய்து 0 போட்டால் எந்த .விபிஎஸ்ஸும் ஓடாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அதனால் நட்டம் ஏதும் வந்து நான் பார்க்கவில்லை.


பொகவந்தலாவ_அக்கா
சனி, இரவு 8.30

நடுவில் புகுந்ததற்கு மன்னியுங்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து ஒட்டு வரிசை வீடுகள்) ஒரே ரவுட்டர், ஆறு வீட்டுக்குப் பாஸ்வேர்ட் கொடுத்திருக்கிறோம், மாதக் காசைப் பங்கு போடுகிறோம். ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வேர்ம் வந்தால் எல்லோருக்கும் வருமா? இடி இடித்தால் வயரைக் கழற்றுகிறோம், வேர்முக்கு என்ன செய்வது?


நானுஓயா_பழசு
சனி, இரவு 8.55

தங்கச்சி, இந்த ஷார்ட்கட் வேர்ம் முக்கியமாகப் பென்னில்தான் பயணம் செய்கிறது. ஆனால் வன்னாக்ரை மாதிரி ஒன்று வந்தால், ஒரே வைஃபையில் இருப்பது ஒரே லயத்தில் இருப்பது போலத்தான். ஒரு வீட்டு அடுப்பில் தீ பிடித்தால் மற்ற வீடுகளுக்கும் போகும்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்த வைஃபையை ‘பப்ளிக் நெட்வொர்க்’ என்று வையுங்கள். வீட்டு வைஃபைதானே என்று ‘பிரைவேட்’ போடாதீர்கள். பப்ளிக் என்றால் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உங்கள் கம்ப்யூட்டர் தெரியாது, பைல் பகிர்வும் மூடியிருக்கும். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1.0 (பழைய பைல் பகிர்வு முறை) டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், வன்னாக்ரை அந்த வழியாகத்தான் வந்தது.

ரவுட்டரில் ‘கெஸ்ட்’ வைஃபை இருந்தால் மற்ற ஐந்து வீட்டுக்கும் அதைக் கொடுங்கள். ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்ட் வேறு, வைஃபை பாஸ்வேர்ட் வேறு. அட்மின் பாஸ்வேர்ட் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரிலேயே இருக்கும், யாரும் தூக்கிப் பார்க்கலாம். அதை மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருக்கும், பாஸ்வேர்ட் அடிக்காமலே வைஃபையில் சேரும் வசதி, அதையும் நிறுத்துங்கள்.


ஐசிடி_டீச்சர்
சனி, இரவு 9.20

மேல்கொத்மலைத் தம்பிக்கு மறந்துவிடாமல் ஒன்று. இப்படியான ஸ்கிரிப்ட்கள் சிலவற்றுக்குப் பின்கதவும் இருக்கும், வெளியில் இருக்கும் ஆள் உள்ளே கட்டளை அனுப்பலாம். ஆகவே அந்தக் கம்ப்யூட்டரில் யார் யார் எதில் லொகின் செய்தார்கள் என்று கேளுங்கள். ஜிமெயில், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வெப். பாஸ்வேர்டைப் போனிலிருந்து மாற்றுங்கள், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டாம். மாற்றிவிட்டு ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதைக் கொடுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போடுங்கள். ஏதாவது கணக்கு ஏற்கனவே பறிபோயிருந்தால் இலங்கை சேர்ட்டின் (கணினி அவசர உதவி அமைப்பு) 101க்கு அழைக்கலாம்.

தங்கச்சிக்குத் தனியாக ‘ஸ்டாண்டர்ட்’ கணக்கு ஒன்று செய்து கொடுங்கள். வேர்மை அது முழுதாகத் தடுக்காது, இந்த ஸ்கிரிப்டுக்கு அட்மின் அதிகாரம் தேவையும் இல்லை. ஆனால் டிஃபெண்டரில் கை வைக்க முடியாது, அடுத்தவர் கணக்குக்குள்ளும் போக முடியாது.


மேல்கொத்மலை
ஞாயிறு, இரவு 9.10

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன்.

எக்ஸ்க்ளூஷனை நீக்கியதும் டிஃபெண்டர் தானாகவே கத்தத் தொடங்கியது. ஆஃப்லைன் ஸ்கேனிலும் ஃபுல் ஸ்கேனிலும் சேர்த்து ஏழு பிடிபட்டன. ஒன்று அந்த ஆக்டிவேட்டர், பிளேன்டீ அண்ணன் சொன்னது சரி. இன்று முழுவதும் நாலைந்து முறை ரீஸ்டார்ட் செய்தேன், டபிள்யூஸ்கிரிப்ட் வரவில்லை. ஸ்கிரிப்ட் ஹோஸ்டையும் நிறுத்திவிட்டேன். சோதனைக்கு ஒரு வெறும் .விபிஎஸ் செய்து கிளிக் செய்தால் அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வருகிறது.

வீட்டில் இருந்த எல்லாப் பென்னையும் தேடி எடுத்தோம். மொத்தம் ஐந்து. அப்பாவின் பாட்டுப் பென்னிலும் வேர்ம். அவர் அதைப் பக்கத்து வீட்டு ரேடியோவுக்கும் கொடுத்து வாங்குவார், ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கே பதில் சொன்னார். டியூஷன் டீச்சரின் பென்னைத் துடைத்துக் கொடுத்து விஷயத்தையும் சொன்னோம். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதே அம்புக்குறி, ‘எக்ஸ்க்ளூஷன் எங்கே இருக்கிறது’ என்று தங்கச்சிக்கு இப்போது வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்கிறார். தங்கச்சி படம் எடுத்து வட்டம் போட்டு அனுப்புகிறாள்.

டியூட் இப்போது கூகுள் டிரைவில் ஒன்று, என் போனில் ஒன்று, பென்னில் ஒன்று. மின்ட்டா விண்டோஸா என்பது பரீட்சைக்குப் பிறகு. அடுத்த லீவில் இதே இழையில் வந்து கேட்பேன், மூடிவிடாதீர்கள். கினிகத்தேனை வந்துவிட்டது, இனி சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.


பிளேன்டீ
ஞாயிறு, இரவு 9.25

பத்திரமாகப் போய்ச் சேருங்கள். அப்பாவின் பென்னைத் துடைத்தீர்களா, இல்லையா? அதைச் சொல்லவில்லையே.


மேல்கொத்மலை
ஞாயிறு, இரவு 10.40

துடைத்தேன் அண்ணே. இந்த முறை ‘ஈ’ என்று சரியாகக் கேட்டது.